கண்ணாடியில் கீறல்: தப்பு துடைக்கிறவர் மேல மட்டும்தானா?

கண்ணாடிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது.

“அண்ணே, வாங்கி எட்டு மாசம்கூட ஆகல. பாருங்க, லென்ஸ் ஃபுல்லா கோடு கோடா இருக்கு.”

கடைக்காரர் கண்ணாடியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்.

“எதுல சார் துடைக்கிறீங்க?”

“சட்டையிலதான். வேற எதுல?”

“அதான் சார் பிரச்சினை. கோட்டிங் போயிடுச்சு. லென்ஸ் மாத்திடலாம்.”

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. குற்றவாளி வாடிக்கையாளர். அபராதம், புது லென்ஸின் விலை.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. சட்டை நுனி லென்ஸைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை அவர் எப்போது சொன்னார்? எட்டு மாதத்துக்கு முன்பு, ‘ஆன்டி கிளேர் போட்டுக்கங்க, புளூ கட் போட்டுக்கங்க’ என்று ஒவ்வொரு கோட்டிங்காகச் சேர்த்து பில்லைக் கூட்டிய அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? கோட்டிங்கின் விலையைச் சொல்லத் தெரிந்தவருக்கு, அதை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்ல மட்டும் நேரம் இல்லாமல் போனது எப்படி?

கீறல் விழுந்த லென்ஸுக்குப் பின்னால் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, துடைக்கிறவரின் பழக்கம். இன்னொன்று, விற்கிறவரின் மௌனம். முதல் தவறைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றியும் பேச வேண்டிய நேரம் இது.

கீறல் விழுந்தா என்ன, பார்க்க முடியாமலா போயிடும்?

‘கீறல் விழுந்த கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படி ஏறாது. கீறல், லென்ஸின் பவரையும் மாற்றாது, கண்ணின் பவரையும் மாற்றாது.

ஆனால், தொந்தரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நேராக உள்ளே போக வேண்டிய வெளிச்சத்தை ஒவ்வொரு கீறலும் நாலா பக்கமும் சிதறடிக்கும். பகலில் இது பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே ஒரு பேருந்து ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் தெரியும். ஒரு விளக்கு பத்து விளக்காகப் பூத்து, அதன் நடுவில் சாலையைக் கடக்கிற ஆள் மறைந்துபோவார். பைக்கில் டெலிவரி வேலை பார்க்கிறவருக்கும், நைட் ஷிப்ட் முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவருக்கும் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கும் பாட்டிக்கு வேறு கஷ்டம். மங்கலாகிப்போன லென்ஸை மாற்ற யாரிடம் காசு கேட்பது என்று யோசித்து, மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைக் குத்துமதிப்பாகப் படிக்கப் பழகிவிடுவார். பள்ளிக்கூடப் பையனோ, ‘கண்ணாடி போட்டாலும் ஒண்ணுதான், போடலைன்னாலும் ஒண்ணுதான்’ என்று அதைப் பைக்குள் போட்டுவிடுவான். கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சரிடம் சொல்லவும் மாட்டான்.

கண்ணாடி என்பது வருடத்துக்கு நான்கு வாங்குகிற பொருள் இல்லை. ஒரு பிரேமும் லென்ஸும் சேர்த்து, பல வீடுகளில் அது ஒரு மாத மளிகைச் செலவில் கணிசமான பங்கு. பவர் மாறும் வரை அது உழைத்தாக வேண்டும்.

லென்ஸ் மேல என்னதான் பூசுறாங்க?

முதலில் ஒரு விஷயம். இன்று கடையில் ‘கண்ணாடி’ என்று வாங்குவதில் பெரும்பாலும் கண்ணாடியே கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக்தான். 1940களில் அமெரிக்காவில் உருவான சிஆர்-39 என்ற பிளாஸ்டிக், மூக்குக்கண்ணாடியின் கதையையே மாற்றியது. நிஜக் கண்ணாடியில் கிட்டத்தட்ட பாதி எடைதான் இருக்கும். கீழே விழுந்தாலும் அவ்வளவு எளிதில் உடையாது. குழந்தைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் பரிந்துரைக்கப்படும் பாலிகார்பனேட், அடி தாங்குவதில் அதைவிடக் கெட்டி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உடையாத பொருள் என்பதும் கீறாத பொருள் என்பதும் ஒன்றல்ல. பாலிகார்பனேட் சுத்தியலடியைக்கூடத் தாங்கலாம். ஆனால் அதன் மேற்பரப்பு மென்மையானது, விரல் நகத்தில் ஒட்டிய மணல் போதும் கோடு போட. அதனால்தான் கோட்டிங் தேவைப்படுகிறது.

நல்ல லென்ஸில் பொதுவாக மூன்று அடுக்கு இருக்கும்.

அடியில் இருப்பது ஹார்டு கோட். சில மைக்ரான் தடிமனில், அரக்கு மாதிரி பூசிக் கெட்டியாக்கிய படலம். கீறலைத் தள்ளிப்போடுவது இதன் வேலை. தடுப்பது அல்ல, தள்ளிப்போடுவது.

அதற்கு மேல் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங். கடையில் ‘ஏஆர்’ என்றும் ‘ஆன்டி கிளேர்’ என்றும் சொல்வது இதைத்தான். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்தால் சுமார் 8 சதவீதம் வீண். பவர் அதிகம் உள்ளவர்கள் வாங்கும் 1.67 இன்டெக்ஸ் ‘தின்’ லென்ஸில் இந்த இழப்பு சுமார் 12 சதவீதம் வரை போகும். போட்டோவில் கண்ணுக்குப் பதில் டியூப் லைட் தெரிவது இதனால்தான்.

இதைத் தடுக்கும் யுக்திக்கு 1935இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகுலா காப்புரிமை பெற்றார். யோசனை எளிமையானது. லென்ஸின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் பூசினால், படலத்தின் மேலிருந்து திரும்பும் ஒளி அலையும் அடியிலிருந்து திரும்பும் ஒளி அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அணைந்துவிடும். இன்று சிலிக்கான் டை ஆக்சைடு, சிர்கோனியம் அல்லது டைட்டானியம் ஆக்சைடு போன்றவற்றை வெற்றிட அறையில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் படியவைக்கிறார்கள். இத்தனை அடுக்கையும் சேர்த்தாலும் ஒரு தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் லேசான பச்சை அல்லது நீல மினுக்கம், இந்தப் படலத்தின் கையெழுத்து.

எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் இருக்க ஒரு வழுக்குப் பூச்சு. தாமரை இலையில் தண்ணீர் உருள்வது மாதிரி, புது லென்ஸில் துளிகள் உருண்டு ஓடுவது இதனால்தான். இது சில நானோமீட்டர் தடிமன் மட்டுமே. முதலில் தேய்ந்துபோவதும் இதுதான்.

‘முன்னெல்லாம் ஒரு துடை துடைச்சா பளிச்சுனு இருந்துச்சு, இப்ப எவ்வளவு துடைச்சாலும் ஈஷிக்கிட்டே இருக்கு’ என்று தோன்றுகிறதா? மேல் பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இங்கிருந்து ஒரு விஷச் சுழல் ஆரம்பிக்கும். ஈஷுகிறது என்று அழுத்தித் தேய்ப்போம். தேய்த்ததால் அடுத்த அடுக்கும் கெடும். கெட்டதால் இன்னும் மங்கும். மங்கியதால் இன்னும் அழுத்தித் தேய்ப்போம்.

துணி மேல பழி, தூசி மேல குற்றம்

சட்டை, வேட்டி நுனி, முந்தானை, துப்பட்டா, கைக்குட்டை என்று நம் ஊரில் கண்ணாடி துடைக்க ஆயிரம் துணி உண்டு. உண்மையில் துணியைவிட ஆபத்தானது, லென்ஸுக்கும் துணிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் தூசி.

தெருத் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், சாதாரண இரும்பிலேயே கீறல் போடக்கூடிய கடினமான பொருள். பைக்கில் ஒரு சிக்னலைத் தாண்டுவதற்குள் லென்ஸில் எத்தனை துகள் படியும்! அடுத்த சிக்னலில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, ஃபூ என்று ஊதி, சட்டையால் ஒரு தேய். பார்க்க வேண்டுமானால் அது துடைப்பதாகத் தெரியலாம். நடப்பதென்னவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. வாயால் ஊதினால் வரும் ஈரம் அந்தத் துகள்களை மிதக்கவைத்து அகற்றப் போதாது.

ஏஆர் போட்ட லென்ஸில் கீறல் கூடுதலாக எடுப்பாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. சுற்றிலும் வெளிச்சம் திரும்பாமல் இருக்கும் பரப்பில், கீறிய கோட்டில் மட்டும் வெளிச்சம் திரும்பும். வெள்ளைச் சட்டையில் விழுந்த குழம்புப் பொட்டு மாதிரி அது தனியாகத் தெரியும்.

டிஷ்யூ பேப்பர் மென்மையாகத்தானே இருக்கு என்று சிலர் கேட்கலாம். அது மரக்கூழிலிருந்து வந்தது. கன்னத்துக்கு மென்மை, கோட்டிங்குக்கு அல்ல. ஓட்டல் மேஜையில் இருக்கும் பேப்பர் நாப்கின் அதைவிட முரடு.

நம் ஊருக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. காலையில் பூசிய விபூதி வேர்வையில் கரைந்து லென்ஸின் மேல் விளிம்பில் படியும். தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் விரல் வழியாக வந்து சேரும். அடுப்பில் தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, கண்ணுக்குத் தெரியாத பிசுக்காக ஒட்டும். எண்ணெயில் தூசி ஒட்டினால் அது வெறும் துணிக்கு வராது. இதெல்லாம் யாருடைய தவறும் இல்லை. ஆனால், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்ற பொதுவான அறிவுரை நம் ஊர் வாழ்க்கைக்குப் போதாது என்பதற்கு இவை சாட்சி.

வெயில் செய்யும் வேலை

கீறலே இல்லாமலும் கோட்டிங் போகும். லென்ஸை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தால், சிலந்தி வலை மாதிரியோ, காய்ந்த குளத்துச் சேறு மாதிரியோ நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால், அது சூடு செய்த வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் இதுதான். பிளாஸ்டிக் சூடானால் நன்றாக விரியும். அதன் மேல் இருக்கும் ஆக்சைடு படலம், பீங்கான் மாதிரி. அவ்வளவு விரியத் தெரியாது. கீழே இருப்பவர் விரிந்துகொண்டே போக, மேலே இருப்பவர் ஈடுகொடுக்க முடியாமல் வெடித்துவிடுவார். சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் இன்னும் மோசம்.

சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கியும், வெயிலில் காயும் ஹெல்மெட்டின் உட்புறமும் கண்ணாடிக்கு ஏற்ற இடங்கள் அல்ல. கேஸ் அடுப்புக்குப் பக்கத்து மேடை, இட்லிப் பானையைத் திறக்கும்போது அடிக்கும் ஆவி, கொதிக்கும் தண்ணீர், ஹேர் டிரையர் எல்லாமே இந்தப் பட்டியலில்தான். ‘நல்லா சுத்தமாகட்டும்’ என்று சுடுதண்ணீரில் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

இங்கே கடைக்காரர்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் பிரேமை வளைத்துச் சரிசெய்யக் கடையிலேயே சூடு காட்டுவார்கள். லென்ஸ் உள்ளே இருக்கும்போது அந்தச் சூடு கூடினால், வெடிப்பு அங்கேயே ஆரம்பிக்கலாம். லென்ஸைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி பிரேமுக்குள் இறுக்கித் திணித்தாலும், அந்த அழுத்தத்தில் விளிம்போரம் வெடிப்பு வரும். ஆகவே, வாங்கிய கொஞ்ச நாளிலேயே விளிம்பைச் சுற்றி மட்டும் வெடிப்பு தெரிந்தாலோ, கீறலே இல்லாமல் படலம் திட்டுத்திட்டாக உரிந்தாலோ, ‘எதுல துடைச்சீங்க?’ என்ற கேள்விக்குத் தலைகுனியத் தேவையில்லை. ‘லென்ஸ் பொருத்தினதுல பிரச்சினையா, கோட்டிங்லயே பிரச்சினையா, பார்த்துச் சொல்லுங்க’ என்று திருப்பிக் கேட்கலாம்.

கையில கிடைச்சதை எல்லாம் அடிக்காதீங்க

கொரோனா காலத்தில் பழகிய ஒரு கெட்ட பழக்கம், சானிடைசரைக் கண்ணாடியிலும் தடவுவது. அதில் இருக்கும் ஆல்கஹாலின் அளவு அதிகம். கூடவே கைக்குப் பசை கொடுக்கும் பொருட்களும் உண்டு. தொடர்ந்து பட்டால் கோட்டிங்குக்கும் பிரேமின் பாலிஷுக்கும் நல்லதல்ல.

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் அமோனியா இருக்கும். அது நிஜக் கண்ணாடிக்கானது, கோட்டிங் போட்ட பிளாஸ்டிக்குக்கானது அல்ல. எலுமிச்சை, வினிகர், துணி துவைக்கும் சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டி எதுவும் கூடாது. பாத்திர சோப்புக் கட்டியில் கறையைச் சுரண்டவென்றே நுண்ணிய துகள்கள் சேர்க்கப்படுகின்றன. நெயில் பாலிஷை அழிக்கும் அசிட்டோன் இருக்கிறதே, அது பாலிகார்பனேட் லென்ஸையும் அசிட்டேட் பிரேமையும் கரைத்தே விடும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டே சென்ட் அடிப்பது, ஹேர் ஸ்பிரே அடிப்பது, தலைக்கு டை அடிப்பது மூன்றையும் தவிர்க்கலாம். உடம்பில் பூசும் சில கொசு விரட்டிகளில் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருளும் பிளாஸ்டிக்கைத் தின்னும். அதைப் பூசிய கையோடு கண்ணாடியைத் தொடாமல் இருப்பது நல்லது.

அப்ப எப்படித்தான் துடைக்கிறது?

பெரிய வித்தை ஒன்றுமில்லை. தினமும் இரண்டு நிமிடம் போதும்.

1. முதலில் கையைக் கழுவுங்கள். எண்ணெய்க் கையோடு ஆரம்பித்தால் எல்லாம் வீண்.

2. குழாயை மெதுவாகத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் லென்ஸின் இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள். துடைப்பதற்கு முன்பு தூசியைத் தண்ணீரே எடுத்துக்கொண்டு போகட்டும். இந்த ஒரு படியைச் செய்தாலே பாதிக் கீறல் மிச்சம்.

3. மைல்டான லிக்விட் சோப் ஒரே ஒரு சொட்டு. லோஷன், மாய்ஸ்சரைசர் கலந்த ஹேண்ட் வாஷ் வேண்டாம், படலமாக ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியால் லென்ஸின் இரு பக்கமும், மூக்கில் உட்காரும் பேட், காதுக் கம்பி எல்லாவற்றையும் மெதுவாகத் தடவுங்கள். வேர்வையும் உப்பும் அங்கேதான் தேங்கும்.

4. நன்றாக அலசுங்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசியாக ஒரு டம்ளர் கேன் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றி அலசுவது நல்லது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடும் அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் லென்ஸிலும் புள்ளி புள்ளியாகக் காயும். காய்ந்த புள்ளியைச் சுரண்டப் போனால் மறுபடி கீறல்.

5. லேசாக உதறிவிட்டு, தானாகக் காயட்டும் என்று விடாமல், சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தம் வேண்டாம்.

6. அந்தத் துணியையும் துவைக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு மாதமாகக் கிடக்கும் துணி, ஆறு மாதத் தூசியின் சேமிப்புக் கிடங்கு. வாரம் ஒருமுறை சோப்பில் அலசி நிழலில் காயவையுங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் போடக் கூடாது. அது துணியில் விடும் பசை, லென்ஸில் மங்கலாக வந்து உட்காரும்.

வெளியில் இருக்கும்போது தண்ணீர் கிடைக்கவில்லையா? தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டுத் துடையுங்கள். கண்ணாடிக் கடையில் தரும் லென்ஸ் ஸ்பிரே இருந்தால் இன்னும் நல்லது. எதுவுமே இல்லை என்றால், வீட்டுக்குப் போகும் வரை அந்தத் தூசியோடு பொறுத்துக்கொள்வதுகூட உலர்ந்த சட்டையைவிட மேல்.

வைக்கும் இடமும் முக்கியம். லென்ஸ் தரையில் படும்படி கவிழ்த்து வைக்காதீர்கள். சட்டைப் பையில் சில்லறை, சாவி, பேனாவோடு சேர்த்துப் போடாதீர்கள். கெட்டியான டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பு கண்ணாடியை முதலில் கழற்றுங்கள். இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றினால் பிரேமும் கோணாது.

இத்தனையும் செய்தாலும் கோட்டிங் ஆயுளுக்கும் நிற்காது. அது தேய்கிற பொருள்தான். ஆனால் எட்டு மாதத்தில் போவதற்கும், பவர் மாறி எப்படியும் லென்ஸ் மாற்ற வேண்டிய நாள் வரை நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

டூத்பேஸ்ட் வைத்தியம் பலிக்குமா?

பலிக்காது. டூத்பேஸ்ட், பேக்கிங் சோடா இரண்டுமே தேய்த்துச் சுரண்டும் பொருட்கள். ஒரு கீறலை மறைக்க, சுற்றியிருக்கும் படலத்தை எல்லாம் சுரண்டி எடுத்துவிடும். ஒற்றைக் கோடு இருந்த இடத்தில் ஒரு மேகம் வந்து உட்காரும். ரீல்ஸில் பளபளப்பாகத் தெரிவது வேறு, இரவு எட்டு மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் தெரிவது வேறு.

கோட்டிங் போட்ட லென்ஸில் விழுந்த கீறலை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. ஆனால், பிரேம் நன்றாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றத் தேவையில்லை. ‘பிரேம் இருக்கட்டும், லென்ஸ் மட்டும் போட்டுக் கொடுங்க’ என்று கேட்கலாம். லென்ஸ் மாற்றுவதற்கு முன்பு ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொண்டால், பழைய பவரில் புது லென்ஸ் போட்டு ஏமாறாமல் இருக்கலாம்.

சொல்லாத இரண்டு நிமிடம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன எதுவும் ரகசியம் இல்லை. லென்ஸ் தயாரிக்கிறவர்களுக்குத் தெரியும். கடைக்காரர்களுக்கும் தெரியும். தெரியாதது காசு கொடுத்து வாங்குகிறவருக்கு மட்டும்தான்.

கடைக்காரர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படும். ‘சொன்னா யாரு சார் கேக்குறாங்க? எல்லாரும் அவசரத்துல இருக்காங்க. டப்பாவுக்குள்ள கார்டு போட்டுத்தான் தர்றோம்.’ உண்மைதான், சில டப்பாக்களில் கார்டு இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வது மாதிரிப் பொடி எழுத்தில். கிட்டத்துப் பார்வை மங்கியதால் கண்ணாடி வாங்க வந்தவரிடம் பொடி எழுத்துக் கார்டைக் கொடுப்பதை என்ன சொல்வது!

கேட்க ஆள் இல்லை என்பதும் முழு உண்மையாகத் தெரியவில்லை. பிரேம் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் உட்காருகிற வாடிக்கையாளர், எந்த கோட்டிங்குக்கு எவ்வளவு என்று பத்து நிமிடம் கேட்டுக்கொள்கிற வாடிக்கையாளர், அதைத் துடைப்பது எப்படி என்று காட்டினால் மட்டும் எழுந்து போய்விடுவாரா?

விற்கும்போது காட்டும் ஆர்வத்தோடு ஒப்பிட்டால் இந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. புளூ கட் கோட்டிங்கையே எடுத்துக்கொள்ளலாம். செல்போன், லேப்டாப் பார்க்கும் எல்லோருக்கும் அது அவசியம் என்பது போலத்தான் பேச்சு. ஆனால், 2023 ஆகஸ்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 மருத்துவச் சோதனைகளை அலசிவிட்டு, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வைக் குறைப்பதில் புளூ கட் லென்ஸுக்கும் சாதாரண லென்ஸுக்கும் குறுகிய காலத்தில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்று சொன்னது. பலன் சந்தேகமாக இருக்கும் கோட்டிங்கைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடிகிறது. பலன் உறுதியான ‘முதலில் தண்ணீரில் காட்டுங்கள்’ என்ற வாக்கியத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. ஒன்றைச் சொன்னால் பில் கூடும். இன்னொன்றைச் சொன்னால் அடுத்த பில் தள்ளிப்போகும். எல்லாக் கடைக்காரர்களும் கணக்குப் போட்டுத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், கணக்கு என்னவோ அவர்கள் பக்கமே சாய்ந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை போன்றவற்றைத் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகவே சொல்கிறது. எந்த லென்ஸ், எந்த கோட்டிங், எத்தனை மாத வாரண்டி, எதற்கு வாரண்டி பொருந்தாது என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். ‘வாரண்டி உண்டு சார்’ என்ற வாய்வார்த்தை எட்டாவது மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது. பில் இருந்து, நியாயம் கிடைக்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

இலவசமாகக் கண்ணாடி தரும் இடங்களில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். தமிழ்நாட்டில் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள். அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் நடத்தும் முகாம்களிலும் பெரியவர்களுக்குக் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால், கண்ணாடி கிடைத்த மாணவி அதைப் பாவாடை நுனியில் துடைத்தால், அடுத்த கண்ணாடி வரும் வரை மங்கலில்தான் படிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவருக்கு லென்ஸ் மாற்றிக்கொள்ளும் வழியாவது உண்டு. அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. கண்ணாடியோடு ஒரு மைக்ரோஃபைபர் துணியையும் கொடுத்து, பள்ளிக்கூடக் குழாயடியில் ஒருமுறை கழுவிக் காட்டினால் போதும். வகுப்பில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், வீட்டில் தாத்தா, பாட்டி வரை அது போய்ச் சேரும்.

கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. டெலிவரி எடுக்கும் நாளில், கண்ணாடியை மூக்கில் வைத்து ‘சரியா இருக்கா?’ என்று பார்க்கும் அதே மேஜையில், இன்னும் இரண்டு நிமிடம். ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு சொட்டு சோப், ஒரு துணி. தமிழில், பெரிய எழுத்தில் ஐந்து வரி அச்சிட்ட ஒரு அட்டை. இதற்கு ஆகும் செலவு, ஒரு லென்ஸின் விலையில் ஒரு துளி.

வாடிக்கையாளர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை கண்ணாடி வாங்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்பு, ‘இதை எப்படித் துடைக்கணும்னு ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க’ என்று கேளுங்கள். செய்து காட்டுகிற கடை நல்ல கடை.

‘எதுல துடைக்கிறீங்க?’ என்பது நல்ல கேள்விதான். அதை எட்டாவது மாதத்தில் கேட்காமல், முதல் நாளிலேயே கேட்க வேண்டும்.